வாசகர் கேள்வி – பதில்: உட்கார ஓர் இடம்

கேள்வி: சரித்திரப் புகழ் பெற்ற மண்டபங்களைப் பற்றிப் பேசும்போது சினிமாக் கொட்டகைகளையும் அவற்றோடு ஒன்றாக வைத்துச் சொல்கிறீர்களே, அது பொருந்துமா? (வாசகர், மதுரை)

பதில்: நன்றாகவே பொருந்தும். ஒரு மண்டபத்தின் சரித்திரத்தில், அதைக் கட்டியவர் யார் என்பதற்கு அடுத்தபடியாக, அங்கே உட்கார யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத ஒடுக்கப்பட்ட மக்களின் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8ஆம் நாள்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சாமிக்கண்ணு வின்சென்ட் போன்றவர்கள் ஊர் ஊராகக் கொண்டுசென்ற படக் கூடாரங்களில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய எவரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே இருக்கையின் படிநிலையைத் தீர்மானித்தது பிறப்பன்று, சீட்டுக்குக் கொடுக்கும் காசே என்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி சுட்டிக்காட்டியிருக்கிறார். காசும் ஒரு வேலிதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அது தாண்டக்கூடிய வேலி.

டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்சு, சேர் என்று வகுப்புகள் இருந்தன. இவற்றில் தரை டிக்கெட்டுக்கு ஈடான இருக்கையை நான் அறியேன். திரைக்கு மிக அருகில், பரப்பிய மணலைக் கைகளால் கூட்டிக் குவித்து மேடாக்கி, அதன்மேல் ஏறி அமர்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பின்னால் இருப்பவர் சத்தம் போட்டால் மேட்டைக் கொஞ்சம் கலைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஒரே புரொஜெக்டர் வைத்து ஓட்டிய கொட்டகைகளில் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடுவார்கள். முறுக்கும் சோடாவும் அப்போது மணலைத் தாண்டித் தாண்டி வரும்.

உங்கள் ஊர்த் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்டது. 2,563 இருக்கைகள் கொண்டிருந்த அந்த அரங்கு இன்று இல்லை. அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் கைதட்டிய ஓர் இடத்தை இடிக்குமுன் முறையாக ஆவணப்படுத்தியிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். நாயக்கர் காலத்துத் தூணுக்குத் தரும் மதிப்பில் ஒரு பங்கையாவது நாம் கொட்டகைக்கும் தரவேண்டும்.

கேள்வி: சென்னையில் பழைமையான அரங்கு ஒன்றில் உட்கார்ந்து பார்க்க ஆசை. எங்கே போகலாம்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் கட்டப்பட்ட மியூசியம் தியேட்டருக்கு, நாடகம் நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். அரைவட்டமாக வளைந்த வரிசைகள், மேடைக்கு முன்னுள்ள பள்ளத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து, பின்புற வாசல்களின் மட்டம்வரை செல்கின்றன. அதனால் பின்வாசல் வழியாக நுழைகிறவருக்கு முழு அரங்கும் காலடியில் விரிந்து தெரியும். முதல் வரிசைக்கு ஆசைப்படாமல் நடு வரிசை ஒன்றின் ஓரத்தில் அமருங்கள். வளைவின் பயனாக, நடிகர் முகத்தோடு எதிர்ப்பக்கத்துப் பார்வையாளர்களின் முகங்களும் அங்கிருந்து தெரியும். அவர்கள் சிரிப்பதையும் கண் கலங்குவதையும் காண்பது நாடகத்தின் ஒரு பகுதியே.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலையும் பார்த்துவிடுங்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில்தான் 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகங்கள் போட்டதும் அங்கேதான். சென்னையின் தொடக்ககாலத் திரைக்காட்சிகளும் அங்கே நடந்திருக்கின்றன. சொற்பொழிவு, நாடகம், சினிமா மூன்றுக்கும் ஒரே கூடம் இடம் கொடுத்திருக்கிறது என்பதை மதுரை வாசகரும் கவனிக்கலாம்.

கேள்வி: திருமலை நாயக்கர் மகாலில் எங்கே உட்காரலாம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 1636இல் கட்டப்பட்ட அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்கே என்பார்கள். காவலர் அனுமதிக்கும் இடமாகப் பார்த்து, முற்றத்தின் ஓரத்தில், அரியணை மண்டபமான சொர்க்க விலாசம் நேர் எதிரே தெரியும்படி அமருங்கள். காலை வேளையே நல்லது. பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் வருவதற்குள் போய்விடுங்கள்.