புது பேட்டரி போட்டும் ஒரே வாரத்தில் படுத்துவிடும் பாக்ஸ்டர்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். 2008 போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். வார இறுதியில் மட்டும்தான் ஓட்டுவேன். ஏப்ரலில் புது பேட்டரி போட்டாயிற்று. ஆனாலும் ஒரு வாரம் சும்மா நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை, முன் டிக்கிகூடத் திறப்பதில்லை. ஜம்ப் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமல் இருந்தால் ஓட்டும்போதே டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்திருக்கும். உங்கள் வண்டி ஓடும்போது சமர்த்தாக இருக்கிறது, நிற்கும்போதுதான் கெடுகிறது. அப்படியென்றால் பூட்டிவிட்டுப் போன பிறகும் ஏதோ ஒன்று கரன்ட் குடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பேட்டரி 70 ஆம்பியர்-அவர் என்று வையுங்கள். பூட்டிய வண்டி 50 மில்லிஆம்பியருக்குள் எடுத்தால் அது இயல்பு. அலாரம், சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்த அளவில் நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர்தான் போகும், பாதி காலியாகவே ஒரு மாதம் ஆகும். ஒரே வாரத்தில் படுக்க வேண்டுமானால் சுமார் 300 மில்லிஆம்பியராவது போக வேண்டும். அணையாத ஒரு 5 வாட் டிக்கி விளக்கு போதும், அதைவிட அதிகமாகவே குடித்துவிடும்.

அளப்பதற்கு முன்னால் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு இரவு முழுக்க ஏற்றுங்கள். அரை மணி நேரம் ஊர் சுற்றினால் காலியான பேட்டரி நிறையாது. சார்ஜரை எடுத்து, நெகட்டிவ் கேபிளையும் கழற்றி, சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழுசு, 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி. கேபிள் கழற்றிய நிலையிலேயே மறுநாள் நன்றாக இறங்கியிருந்தால் பேட்டரியே போய்விட்டது. ஏப்ரலில் வாங்கியதாயிற்றே என்று பார்க்காதீர்கள். லெட்-ஆசிட் பேட்டரி நாலைந்து முறை அடியோடு காலியானால் புதுசும் பழசுதான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வண்டியில் பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில்தான் திறக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்திவிட்டால் மாட்டிக்கொண்டீர்கள். அப்படி ஆனால் டிரைவர் கதவைச் சாவியால் திறந்து, கால் வைக்கும் இடத்தின் இடப்பக்கம் உள்ள ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய பாசிட்டிவ் முனையைத் தேடுங்கள். அதற்கு இன்னொரு பேட்டரியின் பாசிட்டிவைக் கொடுத்து, நெகட்டிவைக் கதவுப் பூட்டு மாட்டும் இரும்புக் கொண்டியில் வைத்தால் டிக்கியைத் திறக்க வேண்டிய கரன்ட் கிடைக்கும். அலாரம் கத்தலாம், ரிமோட்டை அழுத்தினால் அடங்கிவிடும். அந்த முனை வழியாக எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். பேட்டரி காலியாக இருக்கும்போது கதவைத் திறந்தால் கண்ணாடி தானாகக் கீழே இறங்காது என்பதால், மெதுவாகத் திறந்து மெதுவாக மூட வேண்டும்.

இப்போது முக்கியமான அளவீடு. பலர் தவறுவது இங்கேதான். டிக்கியைத் திறந்து, மீட்டரை மாட்டி, 2 ஆம்பியர் காட்டுகிறதே என்று பதறுகிறார்கள். வண்டி அப்போது விழித்திருக்கிறது, அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. டிக்கி பூட்டின் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, கதவுகளைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். கன்ட்ரோல் யூனிட்கள் (வண்டியின் மின் வேலைகளை நடத்தும் சின்னக் கணினிகள்) ஒவ்வொன்றாகத் தூங்கிய பிறகு வரும் எண்தான் கணக்கு. கேபிளைச் சுற்றிக் கவ்வியே கரன்ட்டை அளக்கும், மில்லிஆம்பியர் காட்டும் டிசி க்ளாம்ப் மீட்டர் கிடைத்தால் கேபிளைக் கழற்றவே வேண்டாம். சாதா மல்டிமீட்டரானால் 10 ஆம்பியர் துளையில் மாட்டி பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே இணைக்கலாம். அந்த நிலையில் யாராவது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் கொக்கியை மறுபடி விடுவித்த பிறகே டிக்கியைச் சாத்துங்கள்.

எண் அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தோன்றும். பிடுங்கிச் செருகும்போது தூங்கிய யூனிட் எழுந்துகொள்ளும், மறுபடி ஒரு மணி நேரம் போச்சு. ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அவற்றைத் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் கரன்ட் ஓடவில்லை. ஏதாவது எண் வந்தால் அந்தத் தடத்தில்தான் திருடன் இருக்கிறான்.

என் முதல் சந்தேகம் முந்தைய உரிமையாளர் மாட்டிய ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் டிராக்கர் வகையறா மேல். அடுத்தது கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச். அது கெட்டால் கதவு இன்னும் திறந்திருப்பதாக நினைத்து வண்டி தூங்கவே தூங்காது. மேற்கூரை வடிகால் அடைத்துத் தரைவிரிப்பு நனைந்திருக்கிறதா என்றும் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் பட்ட மின் இணைப்பும் கரன்ட் குடிக்கலாம். எந்த ஃப்யூஸிலும் சிக்காமல் கரன்ட் போனால்தான் ஆல்டர்னேட்டரின் பேர் வரும். அதன் டையோடு (கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கசிந்தால் எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரியைக் காலி செய்யும். ஆல்டர்னேட்டர் கேபிளைக் கழற்றியதும் எண் விழுந்தால் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கவனியுங்கள். எஞ்சினிலிருந்து முன்னால் வரும் தடித்த கேபிளில் மின்தடை கூடுவது இந்தத் தலைமுறை பாக்ஸ்டரில் தெரிந்த கோளாறு. விளக்கு, ப்ளோயர் எல்லாம் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டர் முனையில் 14 வோல்ட்டுக்கு மேலும் பேட்டரியில் 13.3-ம் காட்டினால் மாற்ற வேண்டியது கேபிளையும் எர்த் இணைப்பையும்தான்.

நவம்பரில் வண்டியை நிறுத்துவதற்குள் இதை முடித்துவிடுங்கள். நிறைந்த பேட்டரி உங்கள் ஊர்க் குளிரைத் தாங்கும், காலியானது மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து வெடிப்பு விடலாம்.