வாங்குமுன் கேளுங்கள்: முளைக்காத விதையும் போன காசும்

கொல்லைக்கு விதை வாங்கி ஏமாந்தவர்கள் எழுதலாம் என்று சென்ற முறை கேட்டிருந்தேன். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்திலிருந்து நிறையவே வந்துவிட்டன. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: உரக்கடையில் 6 வெள்ளிக்குப் பாகல் விதை வாங்கினேன். தோல் தடிப்பாக இருக்கிறதே என்று மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை, நாற்றம் வேறு. பாக்கெட்டை வீசிவிட்டேன். கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? – ஜாலோங்

பதில்: கேட்கக் கூடாது. அந்த விதையைக் கடைக்காரர் கெடுக்கவில்லை, மூன்று நாள் தண்ணீர்தான் கெடுத்தது. நீர் உறிஞ்சியதும் விதை மூச்சுவிடத் தொடங்கும். முழுக்க மூழ்கிக் கிடந்தால் காற்று போதாமல் அழுகிவிடும். பாகல், புடல், பீர்க்கு எதுவானாலும் ஓர் இரவு போதும். ஊறப்போடும் முன் கூர்முனைத் தோலை நகவெட்டியால் லேசாக விரியவிடுங்கள், உள்ளிருக்கும் பருப்பில் படக்கூடாது. மறுநாள் நீரை வடித்து, ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் ஒரு விரற்கடை ஆழத்தில் படுக்கைவாக்கில் நடுங்கள்.

இன்னொன்று. பாக்கெட்டை வீசியவருக்குப் புகார் செய்ய எந்தப் பிடியும் இல்லை. விதை முளைத்து இரண்டு இலை விடும்வரை பாக்கெட்டும் ரசீதும் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, முளைக்கீரை விதையையும் ஊறவைக்க வேண்டுமா? – சாலாக்

பதில்: வேண்டாம். உலர்ந்த மணலோடு கலந்து தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் கறிவேப்பிலை விதை 20 வாங்கினேன், 15 வெள்ளி. கறுத்துக் காய்ந்து மிளகு மாதிரி வந்தது. ஒன்றரை மாதமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். என் கைராசிதான் சரியில்லையா? – தாமான் வாசகி

பதில்: உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை அம்மா. விற்றவர் உங்களுக்குச் செத்த விதையை அனுப்பியிருக்கிறார். இதே மாதிரி உலர்ந்த கறிவேப்பிலை விதையை நானும் காசு கொடுத்து வாங்கி, வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள்தான். அதனால் உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எல்லா விதையும் காய்ந்தபின் பிழைப்பதில்லை. மிளகாய், தக்காளி, வெண்டை காய வைத்தால் நீடிக்கும். கறிவேப்பிலை, ரம்புத்தான், டுரியான், மங்குஸ்தீன், மா, பலா இவையெல்லாம் காய்ந்தால் செத்துவிடும். நம் பால்மரத்துக் கொட்டையும், அதாவது ரப்பர் விதையும், இந்த வகைதான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். கப்பல் பயணம் தாண்டி முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. அதில் வந்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் நடப்பட்டன. இத்தனை தோட்டங்கள் எழும்பியது அந்தக் கொஞ்சத்திலிருந்துதான். அன்றைக்கே அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்தும் அந்தக் கதி என்றால், வாரக்கணக்கில் உலர்ந்து தபாலில் வரும் கறிவேப்பிலை விதைக்கு என்ன உயிர் இருக்கும்?

முளைக்கும் விதை என்று சொல்லி விற்றிருந்தால், பொருள் சொன்னபடி இருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள். செடி வேண்டுமென்றால், அக்கம்பக்கத்து மரத்தில் நன்கு கறுத்துப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையை நீக்கிக் கழுவி, அன்றோ மறுநாளோ ஊன்றுங்கள். மரத்தடியில் வேரிலிருந்து வரும் பக்கக்கன்று கிடைத்தால் இன்னும் சுலபம்.

கேள்வி: நீல ரோஜா விதை, ஏழு வண்ண ஸ்ட்ராபெரி விதை இரண்டும் சேர்த்து 9.90 என்று முகநூலில் பார்த்தேன். நம்பலாமா? – லிந்தாங்

பதில்: நம்பக்கூடாது. அந்த நிறத்தில் அந்தச் செடிகளே கிடையாது, வெறும் படம்.

கேள்வி: ஒரே கடை, ஒரே கம்பெனி, ஒரே மிளகாய். முதல் பாக்கெட் நன்றாக முளைத்தது. இரண்டு மாதம் கழித்து வாங்கியது முளைக்கவே இல்லை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? – சுங்கை சிப்புட்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் பாக்கெட் கடையில் எங்கே தொங்கியது? பெரும்பாலும் வாசலில், கம்பிச் சட்டத்தில், மதிய வெயில் நேராக விழும் இடத்தில். நம் ஊரில் பல கடைகளில் இதுதான் வழக்கம். சாக்லெட்டை உள்ளே ஏர்கோனில் வைக்கிறார்கள், உயிருள்ள விதையை வெயிலில் காய விடுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

விதையைக் கெடுப்பவை ஈரமும் சூடும். விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 பாகையளவு குறைந்தாலும் அப்படியே. ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் வகுத்த பொது விதி இது. 35 பாகைக் கடைவாசலையும் 5 பாகை ஐஸ்பெட்டியையும் ஒப்பிட்டால் ஆறு முறை இரட்டிப்பு, அதாவது அறுபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். நம் காற்றிலோ எப்போதும் ஈரம். அப்படியிருக்க, மூட்டையில் வாங்கி, மெல்லிய பிளாஸ்டிக் பையில் பிரித்துப்போட்டு, மெழுகுவர்த்தியில் வாயை ஒட்டி, ‘சிலி’ என்று மட்டும் எழுதி விற்கிறார்கள். எந்த ரகம், எப்போது அடைத்தது, எப்போது சோதித்தது, நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று ஒரு வரி கிடையாது. ரொட்டிக்குத் தேதி கேட்கிற நாம் இதற்குக் கேட்பதில்லை. கேட்காததால்தான் அவர்களும் போடுவதில்லை.

ஆகவே இப்படி வாங்குங்கள். காற்றும் ஈரமும் புகாத அலுமினியப் பூச்சுப் பை அல்லது தகர டின். அடைத்த தேதி, காலாவதித் தேதி, முளைப்பு விழுக்காடு மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். மிளகாய்க்கு இந்திய விதைச் சான்றிதழ் தரத்தில் குறைந்தபட்ச முளைப்பே 60 விழுக்காடுதான், வெண்டைக்கு 65. எனவே நூற்றுக்கு நூறு முளைக்கும் என்று அச்சடித்திருந்தால் அந்தப் பாக்கெட்டை வைத்துவிட்டு வாருங்கள். வாசலில் தொங்குவதைத் தொடாதீர்கள், உள்ளே அலமாரியில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மொத்தத்தையும் மண்ணில் கொட்டாதீர்கள். பத்து விதையை ஈர டிஷ்யூவில் மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, சமையலறையில் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். வெண்டைக்கு ஐந்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம்வரை பொறுங்கள். ஏழு முளைத்தால் நல்ல விதை. ஒன்றோ இரண்டோதான் என்றால் டிஷ்யூவோடு படம் எடுத்து, பாக்கெட்டும் ரசீதுமாகக் கடைக்குப் போங்கள். அந்தப் படம் இருந்தால் பேச்சே வேறு. மிச்ச விதையைச் சின்னப் போத்தலில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: வாங்கிய மிளகாய் விதை இளஞ்சிவப்பாக இருக்கிறது. சாயம் பூசி ஏமாற்றுகிறார்களா? கழுவிவிட்டு நடலாமா? – கோலகங்சார்

பதில்: ஏமாற்று அல்ல. திராம், காப்டான் போன்ற பூஞ்சணக்கொல்லி பூசிய விதை அது, சாப்பிடும் விதையோடு கலந்துவிடாமல் அடையாளம் தெரியத்தான் நிறம். கழுவவும் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம், அப்படியே நடுங்கள். வெறுங்கையால் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளுக்கும் கோழிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: விதை ஊறவைக்கும் ‘ஊக்கி’ என்று ஒரு போத்தல் 39 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? – எங்கோர்

பதில்: வேண்டாம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பேச்சை நம்பி அப்படியொரு போத்தல் நானும் வாங்கினேன். பாதி வெண்டை விதையை அதிலும் பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் ஊறவைத்தேன். இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரி முளைத்தன. லேபிளில் உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதவில்லை. ஆய்வுக்கூடங்களில் உறங்கும் விதையை எழுப்பப் பொட்டாசியம் நைட்ரேட், கிப்பரலிக் அமிலம் இரண்டையும் பயன்படுத்துவது உண்மை. வீட்டு வெண்டைக்கும் கத்தரிக்கும் அவை தேவையே இல்லை.

கேள்வி: மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட நவதானியப் பாக்கெட் வாங்கினேன். பாதிதான் முளைத்தது. மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. – தோட்டத்து வாசகி

பதில்: சங்கடப்படாதீர்கள், இதில் எந்தக் குற்றமும் உங்கள் பக்கம் இல்லை. கடைப் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். நெல்லுக்குப் பதில் அரிசி இருக்கும், துவரையும் உளுந்தும் உடைத்த பருப்பாக இருக்கும். உடைத்ததும் தீட்டியதும் முளைக்காது. பூசையில் படைக்க அது போதும், முளைக்கப் போடப் போதாது. அடுத்த ஆண்டு நெல், தோலோடு முழு உளுந்து, முழுத் துவரை, பச்சைப்பயறு, மொச்சை, கொள்ளு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். காப்புக் கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பிடி முளைகட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து 200 வெள்ளிக்கு நாட்டு விதை வாங்கி வந்தேன். விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிட்டார்கள். இது நியாயமா? – ஈப்போ

பதில்: நியாயம்தான். விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும், 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் அதற்காகவே இருக்கிறது. தென் அமெரிக்காவில் ரப்பர் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் இன்றுவரை இங்கே கால் வைக்கவில்லை என்றால் இப்படிப்பட்ட காவலும் ஒரு காரணம். பயணம் கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்திருந்தால் 200 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

கேள்வி: ஐந்து ஏக்கர் நிலம். லாரியில் வந்தவர் பாதி விலைக்குச் செம்பனைக் கன்று கொடுத்தார். மூன்று வருடம் கழித்து, பல மரங்களில் குலையே இல்லை, சிலவற்றில் ஓடு தடித்த பழம். எங்கே முறையிடுவது? – பெயர் வேண்டாம்

பதில்: அண்ணே, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. முறையான கன்று, டூரா, பிசிஃபெரா என்ற இரண்டு செம்பனை வகைகளைக் கட்டுப்பாட்டோடு கலந்து எடுக்கும் தெனெரா என்ற கலப்பு வகை. உங்களுக்குக் கொடுத்தது, ஏதோ தோட்டத்தில் உதிர்ந்த தெனெராப் பழத்தைப் பொறுக்கி முளைக்கவைத்ததாக இருக்க வேண்டும். தெனெராவும் தெனெராவும் கலந்தால் பிள்ளை மரங்களில் கால் பங்கு தடித்த ஓட்டு டூரா, கால் பங்கு பிசிஃபெரா. பிசிஃபெராவில் பெரும்பாலும் குலை தேறாது. நீங்கள் பார்ப்பது அப்படியே இந்தக் கணக்கு.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் வீட்டு உபயோகப் பொருளுக்குத்தான், அங்கே அலைய வேண்டாம். கன்று வளர்த்து விற்க எம்.பி.ஓ.பி. எனப்படும் செம்பனை வாரியத்தின் உரிமம் கட்டாயம். அந்த ஆளுக்கு அது இருக்கிறதா என்று வாரியத்தில் எழுத்துமூலம் கேளுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள். மரங்களை வரிசை வரிசையாக எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். குலை தேறாத மரத்தை வைத்துக் காத்திருக்காதீர்கள். செம்பனை இருபத்தைந்து ஆண்டுப் பயிர், இப்போதே பிடுங்கிவிட்டு உரிமம் பெற்ற நாற்றங்காலில் ரசீதோடு வாங்கி அந்த இடங்களில் நடுங்கள்.

கேள்வி: வெண்டை விதை வாங்கி வைத்திருக்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, ஆடி வரும்வரை பொறுக்கலாமா? பாக்கெட் தேதி அதற்குள் முடிந்துவிடும். – ஜாலோங்

பதில்: பொறுக்க வேண்டாம். ஆடிப்பட்டம் தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. பேராக்கில் வெண்டைக்கு எந்த மாதமும் சூடு போதும், அடைமழையில் நாற்று அழுகாமல் கூரை ஓரத்தில் வைத்தால் சரி. இன்று இரவு ஊறப்போட்டு நாளைக் காலை நடுங்கள்.