ஊர்க் கிணற்றைக் குத்தகைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரார் கூடிப் பேசி, குளத்தையும் அதன் வரத்துக் கால்வாயையும் பல ஆண்டுகளாக ஆக்கிரமிப்பின்றிக் காத்து வருகிறோம். குளத்துக்குக் கீழே உள்ள பொதுக் கிணறுதான் எங்கள் குடிநீர். அண்மையில் ஒரு நிறுவனத்தின் முகவர் வந்து, கிணற்று நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கருவி ஒன்றை அமிழ்த்தினார். சற்று நேரத்தில் நீர் பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த சுத்திகரித்த நீர் மட்டும் தெளிவாகவே நின்றது. கிணற்றை நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தால் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாங்களே அமைப்பதாகச் சொல்கிறார். கையெழுத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முகவர் செய்து காட்டியது சோதனையே அன்று. அந்தக் கருவியில் இரும்புக் கம்பி இருக்கும். மின்சாரம் பாயும்போது கம்பி கரைந்து துருவாகி நீரில் கலக்கிறது, நீங்கள் கண்ட பழுப்பு அதுதான். அவர் கொண்டுவந்த சுத்திகரித்த நீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, ஆகவே அது தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை வந்தால், அவருடைய நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கருவியை அமிழ்த்தச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். பேனா அளவில் உள்ள டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி மிரட்டுவதும் இதே வகைதான். அது கரைந்துள்ள உப்பின் அளவை ஏறத்தாழச் சொல்லும். வயிற்றுப்போக்கைத் தரும் கிருமிகளைப் பற்றி எதுவும் சொல்லாது.

விற்பனையில் ஆதாயம் இல்லாத ஆய்வகத்தில் நீரைக் கொடுத்துப் பாருங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் நீரைப் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இயன்றால் 6 மணி நேரத்துக்குள்ளும் எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் சேர்க்க வேண்டும். வாங்கிய பாட்டிலை மேசையில் நாள்கணக்கில் வெயில் காய வைத்துவிட்டு, பிறகு 'குடிக்க உகந்தது' என்று ஒற்றை வரியில் முத்திரை குத்தித் தரும் அலுவலகங்களும் உண்டு. எண்கள் இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 100 மில்லி லிட்டர் நீரில், மலக் கலப்பைக் காட்டும் கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கிருமிதான் குறை என்றால் இயந்திரம் தேவையில்லை. கைப்பிடிச் சுவர், நீர் தேங்காத சாய்தளம், மூடி, 30 மீட்டருக்குள் கழிவறைக் குழி இல்லாதிருத்தல் ஆகியவற்றை உறுதி செய்து, முறையாகக் குளோரின் இட்டால் போதும்; மக்கள் பிடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நீங்கள் குளத்தையும் கால்வாயையும் காத்து வருவதால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

குளோரினால் தீராத குறைகளும் உண்டு. அவற்றுள் ஃபுளோரைடைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். அது பாறையிலிருந்து கரைந்து வருவது. நிறமோ மணமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுக்காது. குளோரின் அதைத் தொடாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடத்தான் செய்யும். அருகருகே உள்ள இரு ஆழ்துளைக் கிணறுகளில்கூட அளவு வெவ்வேறாக இருக்கலாம் என்பதால், ஊரில் உள்ள ஒவ்வொரு நீராதாரத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு நிறத் திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ தென்பட்டால் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்; நெடுங்காலம் மிகுதியாக உட்கொண்டால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். அளவு மிஞ்சினால், ஃபுளோரைடு குறைந்த வேறு கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்குங்கள், அல்லது அந்தத் தேவைக்கு மட்டும் மழைநீரைச் சேமியுங்கள். இரண்டுக்கும் வழியில்லாதபோதுதான், நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. போன்ற இயந்திரம் நியாயமாகிறது.

அப்போதும் கிணறு குத்தகைக்கு உரியதன்று. நிறுவனம் சுத்திகரித்துத் தருவதற்கான கூலியைப் பெறட்டும். நீரின் உரிமை ஊரிடமே இருக்கட்டும். சவ்வு வடிகட்டியை மாற்றும் செலவு யாருடையது, வெளியேறும் கழிவு உப்புநீர் எங்கே போகும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அந்த நீரைக் குளத்தில் விட்டால் இத்தனை ஆண்டுப் பாதுகாப்பும் வீண். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முகவர் தயங்கினால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.