வாசகர் கேள்வி: விடை ஏன் வரவில்லை?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அக்கா. சி மொழியில் சாக்கெட்பேர் (ஒன்றோடொன்று இணைந்த இரண்டு முனைகள்) போட்டு, ஃபோர்க் செய்து ப்ராசஸை (ஓடும் நிரலை) இரண்டாக்கி, பேரண்ட் என்ற மூல ப்ராசஸிலிருந்து சைல்டு என்ற நகலுக்கு எண்களை அனுப்புகிறேன். சைல்டு அவற்றைக் கூட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எண்கள் போய்ச் சேருகின்றன, விடைதான் வருவதில்லை. இரண்டும் அப்படியே நின்றுவிடுகின்றன. பேசாமல் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பைப்புக்கு (ஒருவழிப் பாதைக்கு) மாறிவிடட்டுமா? நிரலை இணைத்திருக்கிறேன்.
(வாசகர், ஈசூன்)

பதில்: மாற வேண்டாம் தம்பி. பைப்புக்குப் போனால் முனைகள் நான்காகிவிடும், மூட வேண்டியதும் கூடும். சாக்கெட்பேரில் இரண்டே முனை, இரண்டிலும் எழுதலாம், படிக்கலாம். 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வந்த பழைய சரக்கு, இன்றும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுகிறது.

நிரலைப் படித்தேன். ரீட் பூஜ்யம் தரும்வரை, அதாவது இனி எதுவும் வராது என்று தெரியும்வரை, சைல்டு படித்துக்கொண்டே இருக்கிறது. பேரண்ட் எண்களை எழுதிய கையோடு விடைக்காக ரீடில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இனி எண் வராது என்று சைல்டுக்கு யார் சொன்னது? பேரண்டின் முனையை இரண்டு ப்ராசஸிலும் க்ளோஸ் செய்தால் தெரிந்துவிடும், சரி. அப்புறம் விடையை எதில் வாங்குவீர்கள்? இதற்குத்தான் ஷட்டவுன் இருக்கிறது. எண்கள் முடிந்ததும் அதை ஷட்_டபிள்யூஆர் கொடுத்து அழையுங்கள். எழுதும் வழி மட்டும் அடைபடும், படிக்கும் வழி திறந்தே இருக்கும். சைல்டுக்குப் பூஜ்யம் கிடைக்கும், கூட்டி அனுப்பிவிடும்.

இன்னொன்று, ஃபோர்க்குக்குப் பிறகு ஒரு க்ளோஸ்கூட இல்லையே! ஃபோர்க் ஆனதும் இரண்டு முனைகளும் இரண்டு ப்ராசஸிலும் திறந்திருக்கும். ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை உடனே மூட வேண்டும். இல்லையென்றால் சைல்டு நடுவில் செத்தாலும் பேரண்டுக்குத் தெரியாது, சைல்டின் முனையைப் பேரண்டே பிடித்துக்கொண்டிருக்குமே. ஒன் நார்த்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் நிரலில் நான் முதலில் தேடுவது இந்த க்ளோஸைத்தான். லினக்ஸில் சரிபார்க்க வேண்டுமா? நின்றுபோன நிரலைக் கொல்லாமல் விட்டுவிட்டு, ப்ராக் கோப்புறையில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் எஃப்டி என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். எதெல்லாம் மூடாமல் கிடக்கிறது என்று தெரியும்.

எண்கள் ஒழுங்காகப் போவதையும் ரொம்ப நம்பிவிடாதீர்கள். சாக்_ஸ்ட்ரீம் என்ற சாக்கெட் வகையில் செய்திக்கு எல்லை கிடையாது. இரண்டு முறை எழுதியது ஒரே ரீடில் ஒட்டிக்கொண்டு வரலாம், ஒன்றே பாதி பாதியாகவும் வரலாம். ரீட் தரும் பைட் கணக்கைப் பார்த்துத்தான் எண்ணைப் பிரிக்க வேண்டும். லினக்ஸ் மட்டும் போதுமென்றால் அதற்குப் பதில் சாக்_சீக்பாக்கெட் வகையைப் போடுங்கள், ஒவ்வொரு செய்தியும் தனித்தனியாக வரும்.

கேள்வி: சாக்கெட்பேர் மூலம் உட்லண்ட்ஸில் இருக்கும் என் கணினியும் ஜூரோங்கில் இருக்கும் நண்பரின் கணினியும் பேசிக்கொள்ள முடியுமா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: முடியாது. அது ஒரே கணினிக்குள் மட்டும்தான். முகவரியும் இல்லை, போர்ட்டும் இல்லை, வெளியிலிருந்து யாரும் வந்து சேர வழியில்லை. உங்கள் பக்கம் சாக்கெட், பைண்ட் (முகவரி கொடுக்க), லிசன் (காத்திருக்க), அக்செப்ட் (வருபவரை ஏற்க), நண்பர் பக்கம் சாக்கெட், கனெக்ட் (வந்து சேர) என்று நீள வழியில்தான் போக வேண்டும்.