உள்நாட்டு உளவு அமைப்பான ஐபி, வெளிநாட்டு உளவு அமைப்பான ரா இரண்டும் யாருக்குப் பதில் சொல்கின்றன? சட்டத்தில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

அரசுக்கு மட்டும்தான். ஐபி 1887-லும் ரா 1968-லும் தொடங்கப்பட்டவை. இரண்டுமே நிர்வாக உத்தரவில் பிறந்தவை. இன்ன அதிகாரம், இன்ன எல்லை என்று சொல்லும் சட்டம் இன்றுவரை கிடையாது. உளவு அமைப்புகளை முறைப்படுத்த 2011-ல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்காமல், முதலில் தொலைபேசி ஒட்டுக்கேட்பைச் சரிசெய்ய வேண்டும் என்பேன். அங்கேதான் சாதாரண மனிதர் நேரடியாக அடிபடுகிறார்.

விதிகள் இருக்கின்றன. 1996-ல் பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள் 2007-ல் தந்தி விதிகளில் 419ஏ விதியாகி, இப்போது 2024-ன் தொலைத்தொடர்பு ஒட்டுக்கேட்பு விதிகளில் தொடர்கின்றன. உள்துறைச் செயலர் உத்தரவிட வேண்டும். அது 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. உத்தரவின் நகல், அது சட்டப்படி சரியா என்று பார்க்கும் மறுஆய்வுக் குழுவுக்கு 7 வேலை நாளுக்குள் போக வேண்டும்.

கோளாறு அந்தக் குழுவில்தான். மத்தியில் அமைச்சரவைச் செயலர் தலைவர். உறுப்பினர்களும் துறைச் செயலர்களே. வெளியாள் ஒருவர்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவின் முன் ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வரை இருக்கும் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் எழுதியது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் பார்த்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு நொடி கிடைக்காது.

குழுவின் பார்வைக்கே வராததும் உண்டு. வரி தொடர்பான லஞ்சப் புகாரில் 2011-ல் போடப்பட்ட ஓர் உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒட்டுக்கேட்கச் சட்டம் கேட்கும் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ அங்கே இல்லை. பதிவுகள் குழுமுன் வைக்கப்படவும் இல்லை. வழக்குப் போட்டதால்தான் இது வெளியே வந்தது. வழக்கே போடாமல் விட்டால், ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆகவே இரண்டு திருத்தம் வேண்டும். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒப்புதல் தந்தால்தான் உத்தரவு செல்லும். அதுபோல முன்கூட்டியே நீதிபதியின் ஒப்புதல். அடுத்தது, ஜெர்மனியில் உள்ளதுபோல, விசாரணைக்குப் பாதகம் நீங்கியபின் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பது.

இப்போதைக்குக் கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு. ஐபி, ராவுக்கு விலக்கு உண்டு என்றாலும் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு விலக்கு இல்லை. மனித உரிமை மீறலென்றால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும். மனுவின் முதல் வரியிலேயே குற்றச்சாட்டு எந்த வகை என்று எழுதிவிடுங்கள். பொதுவாகக் கேட்டால் விலக்கைக் காட்டித் திருப்பிவிடுவார்கள்.