நகையை அடகு வைத்து வாங்கும் 'சேஃப்டி ஆபீசர்' பட்டம்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த மகனை ஒரு வருட 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோவில் சேர்க்கச் சொல்லி ஷார்ஜாவில் இருக்கும் உங்கள் அண்ணன் நெருக்குகிறார், நகையை அடகு வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பையன் நன்றாக வருவான், கவலைப்படாதீர்கள். என் ஆறுதல் அவ்வளவுதான், இனி கணக்கு.

நீங்கள் சொன்ன கட்டணம் 85,000. ஹாஸ்டல், சாப்பாடு மாதம் 6,000 வீதம் 72,000. 'நெபோஷ்' என்கிற பிரிட்டிஷ் பாதுகாப்புத் தேர்வுக்கென்று 55,000. ஆக 2,12,000 ரூபாய். நகைக் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றாலும் வருடத்துக்கு 25,000-ஐத் தாண்டும். படித்து வருகிறவனுக்குக் கட்டுமான சைட்டில் 'ஹெல்மெட் போடுங்க' என்று சொல்லி நிற்கிற வேலைதான் முதலில் கிடைக்கும். பதினைந்தாயிரத்தை ஒட்டிய சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் போக அசலை எப்போது தொடுவான்?

அந்தச் சான்றிதழ் அவனைச் சேஃப்டி ஆபீசர் ஆக்கவும் செய்யாது. தொழிற்சாலையில் அந்தப் பதவிக்குத் தகுதி என்ன என்பதை அரசு விதிகள் சொல்கின்றன: பொறியியல் பட்டதாரிக்கு 2 ஆண்டு, பாலிடெக்னிக் டிப்ளமோகாரருக்கு 5 ஆண்டு மேற்பார்வை அனுபவம், அதற்கு மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் படிப்பு. பிளஸ் டூவுக்கு மேல் ஒரு வருடம் மட்டும் படித்தவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. நெபோஷ் நல்ல தேர்வுதான், ஆனால் வேலை பார்த்துப் பழகியவன் எழுதினால்தான் அதற்கு மதிப்பு. 'அரசுத் தீயணைப்புத் துறையிலும் சேரலாம்' என்று அந்தப் படிப்பை நடத்துகிறவர்கள் சொன்னார்களாம். தமிழ்நாட்டில் தீயணைப்பாளர் ஆகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, எழுத்துத் தேர்வு, உடல்தகுதி போதும். 18,200-இல் தொடங்கும் அந்த வேலைக்கு யாரிடமும் 85,000 கட்ட வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு வரி: 'சாயங்காலம் ஆனால் மோட்டார் காயில் கட்டுற கடையிலேயே கிடக்கிறான்.' அம்மா, அவன் போக வேண்டிய பக்கம் அதுதான்.

கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்கிறான். அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பிரிவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடம், கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்கிறீர்கள். 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும்.

முடித்தபின் தீத்தடுப்புக் கருவிகளைப் பொருத்திப் பராமரிக்கும் கம்பெனிகளில் நுழையட்டும். இந்த வேலையைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்துப் பம்ப் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் அழுத்தம் லேசாகக் குறைந்தால் 'ஜாக்கி' என்கிற சின்ன பம்ப் தானாக ஓடி நிரப்பும். எங்கோ ஹைட்ரன்ட் என்கிற தீயணைப்புக் குழாய் வாய் திறந்து அழுத்தம் சரிந்தால் பெரிய மோட்டார் எடுக்கும். கரன்ட் போனால் டீசல் எஞ்சின் கிளம்ப வேண்டும்; அதன் பேட்டரி செத்துக் கிடந்தால் மாடியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் இல்லை. பிரஷர் ஸ்விட்ச், ஸ்டார்ட்டர், பேனல் எல்லாம் உங்கள் மகன் இப்போதே ஆசையாகத் தொடுகிற சாமான்கள். மேலே போனால், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். அதன் கண்ணாடிக் குமிழ் சிவப்பென்றால் 68 டிகிரியில் உடையும், பச்சையென்றால் 93. சூடு பட்ட குமிழ் மட்டும்தான் உடையும். சினிமாவில் வருவதுபோல் கட்டடம் முழுக்க மழை கொட்டாது. பிறகு புகை டிடெக்டர், அலாரம் பேனல், எங்கே ஒயர் அறுந்தது என்று தேடுவது. இதையெல்லாம் ஒருமுறை மாட்டிவிட்டுப் போய்விட முடியாது, தொடர்ந்து சோதிக்க வேண்டும். அதனால் கட்டுமானம் மந்தமானாலும் பராமரிப்பு ஒப்பந்த வேலை நிற்காது. ஒரகடம், ஓசூர் தொழிற்சாலைகளிலும் இதற்கு ஆள் வேண்டும், உங்கள் அண்ணன் இருக்கும் ஊரிலும் வேண்டும்.

இங்கும் முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் அதில் வட்டிக்காரனுக்குப் பங்கு இல்லை.

தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்புக்கு மாறி 5 ஆண்டு ஆனபின் ஆபீசர் ஆகும் ஆசை இருந்தால், சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் ஒரு வருடத் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவுக்குத் தன் சம்பளத்தில் போகட்டும். சான்றிதழுக்குச் செலவழிக்க வேண்டிய நேரம் அது.

அண்ணனிடம் மரியாதையாகவே கேளுங்கள்: 'உன் கம்பெனியில் அனுபவமே இல்லாமல், ஒரு வருடப் படிப்போடு வந்து சேஃப்டி ஆபீசராக இருப்பவர் யார்?' பேர் சொன்னால் எனக்கு எழுதுங்கள். நகை மட்டும் பெட்டியை விட்டு வெளியே வர வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழோடு இந்த வாரமே அரசு பாலிடெக்னிக்குக்குப் போய் இரண்டாம் ஆண்டு இடங்களைப் பற்றி விசாரியுங்கள். அவனையும் கூட்டிப் போங்கள், எந்தப் பிரிவு என்பதை அவனே சொல்லட்டும்.