பிளஸ் டூவில் 512, முதல் செமஸ்டரில் மூன்று அரியர்

கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் 600-க்கு 512 எடுத்தவன். தமிழ்வழியில் படித்தான். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதல் ஆண்டு. காலை ஷிப்ட், மதியம் ஒன்றரைக்கு வகுப்பு முடிந்துவிடும். முதல் செமஸ்டரில் மூன்று பாடத்தில் அரியர் வைத்துவிட்டான். பரீட்சை சமயத்தில் விடிய விடியப் படித்தான், நானே கண்ணால் பார்த்தேன். கேட்டால் 'எல்லாம் இங்கிலீஷ்ல நடத்துறாங்க, ஒண்ணும் வெளங்கல' என்கிறான். நான் பீடி சுற்றித்தான் அவனைப் படிக்க வைக்கிறேன். டியூஷன் சேர்க்கலாமா, இல்லை கல்லூரியை மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், முக்கூடல்

பதில்: டியூஷனும் வேண்டாம், கல்லூரியை மாற்றவும் வேண்டாம் அம்மா. பீடி சுற்றிச் சேர்த்த காசு, கையில் இருக்கட்டும்.

உங்கள் மகன் சோம்பேறி இல்லை. மூளைக்கும் குறைவில்லை, 512 சும்மா வராது. ஆனால் அந்த 512 எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், போனவுடன் ஒரு மதிப்பெண் வினாக்கள், சாயங்காலம் ஸ்லிப் டெஸ்ட், அப்புறம் காலாண்டு, அரையாண்டு, வரிசையாகத் திருப்புதல் தேர்வுகள். நேற்று நடத்தியதை இன்றைக்கு வெறும் தாளில் எழுத வைத்தார்கள். எழுதவில்லை என்றால் இருபது தடவை இம்போசிஷன். அவனாகப் படித்தான் என்பதைவிட, பள்ளிக்கூடம் அவனை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது என்பதே சரி.

கல்லூரியில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. செமஸ்டருக்கு இரண்டோ மூன்றோ இன்டர்னல் தேர்வு, அவ்வளவுதான். வகுப்பில் கேட்டு, தலையாட்டி, நோட்டை மூடி வைத்தால் மூன்று மாதம் கழித்துத்தான் அதைத் திறக்கிறார்கள். சிலர் அந்த நோட்டைக்கூடத் திறப்பதில்லை, சீனியர் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸைத்தான் திறக்கிறார்கள். உங்கள் மகனிடம் நின்றுபோனது அந்த ஸ்லிப் டெஸ்ட் ஒன்றுதான். அதை இனிமேல் அவனே தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

'விடிய விடியப் படித்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் செய்தது வாசிப்பு. வாசிப்பதும் படிப்பதும் ஒன்றில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் சுற்றில் மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறிவிட்டது. வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் நின்றது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். உங்கள் மகன் பரீட்சைக்குப் போகும்போது தைரியமாகத்தான் போயிருப்பான். வினாத்தாளைப் பார்த்த பிறகுதான் உள்ளே ஒன்றும் நிற்கவில்லை என்பது தெரிந்திருக்கும். அவன் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

ஆகவே தினமும் செய்ய வேண்டியது ஒன்று. அன்றைக்கு நடந்த பாடத்தை, நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பாடத்துக்குப் பத்து நிமிடம் போதும். முட்டிக்கொண்டு நிற்கும் இடம் வரும். அப்போது நோட்டைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி மூட வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு தடவை, வாரக் கடைசியில் ஒரு தடவை. கணிதத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். வாத்தியார் போர்டில் போட்ட கணக்கைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது கணக்கில் சேராது. அதே கணக்கை மூடி வைத்துவிட்டுத் தன் கையால் கடைசி வரி வரை போட்டால்தான் அது அவனுடையது.

இது உங்களுக்குப் புதிதில்லை அம்மா. ஒரு வாரத்துப் பீடியைக் கடையில் கணக்குக் கொடுப்பதற்கு முந்தைய ராத்திரி உட்கார்ந்து சுற்றிவிட முடியுமா? இலையை நனைத்து வைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்கு முடித்தால்தானே உண்டு. அவன் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்த வேலை அது. இதை அவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி இங்கிலீஷ். இது நிஜமான கஷ்டம், சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து முதல் வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஆனால் அவனிடம் ஒன்று கேளுங்கள். 'சர்ஃபேஸ் டென்ஷன்' என்று வகுப்பில் நடத்தினார்களே, அது பிளஸ் ஒன்னில் படித்த பரப்பு இழுவிசைதானே? 'விஸ்காஸிட்டி' என்பது பாகுநிலை. 'யங் மாடுலஸ்' என்பது யங் குணகம். தெரியாத பாடமாக அவன் பயந்து நிற்பதில் பாதி, அவன் ஏற்கெனவே தமிழில் எழுதி மார்க் வாங்கிய பாடம். ஆள் அதே ஆள்தான், சட்டைதான் வேறு.

அதனால் பழைய பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகங்களை எடைக்குப் போட்டிருந்தால் யாரிடமாவது கேட்டு வாங்கிக் கொடுங்கள். நோட்டில் இடது பக்கம் மூன்று விரல் அகலத்துக்குக் கோடு போடச் சொல்லுங்கள். வலது பக்கம் வகுப்புக் குறிப்பு. அன்று சாயங்காலம் இடது பக்கத்தில் அந்த ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழும், கூடவே ஒரு சின்னக் கேள்வியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பரவிய முறையும் ஏறக்குறைய இதுதான். பிறகு வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, இடது பக்கத்தைப் பார்த்து விடை சொல்ல வேண்டும். முதலில் தமிழில் யோசித்து விளங்கிக்கொள்ளட்டும், அப்புறம் அதே விடையை நான்கு ஆங்கில வாக்கியத்தில் எழுதட்டும். பிழையோடு எழுதினாலும் சரி. மனப்பாடம் பண்ணிய நாற்பது வாக்கியத்தைவிடச் சொந்தமாக எழுதிய அந்த நான்கும் பரீட்சை ஹாலில் கைகொடுக்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பான். ஒன்றரை மணிக்கு வகுப்பு முடிகிறதே, அதற்குப் பிறகு என்ன செய்கிறான்? கல்லூரி நூலகம் இருக்கிறது. அது பிடிக்கவில்லை என்றால் பாளையிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஏறினால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்துபோகும். செல்போனைப் பிடுங்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அது பைக்குள் இருக்கட்டும். ஊருக்கு வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ஆனால் காலையில் என்ன நடத்தினார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்க இடம் தேவையில்லை.

வருகைப்பதிவு பற்றி ஒரு வார்த்தை. 75 சதவீதம் இருந்தால் போதும் என்பதைப் பிள்ளைகள் 25 சதவீதம் லீவு என்று படித்து வைத்திருக்கிறார்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் அது 22 நாள், ஏறக்குறைய ஒரு மாத வகுப்பு. இயற்பியலில் ஒரு நாள் விட்டால் மறுநாள் நடத்துவது விளங்காது. இன்டர்னலும் அப்படித்தான். பல கல்லூரிகளில் 100-க்கு 25 மார்க் அதில்தான் இருக்கிறது. அசைன்மென்டைக் கடைசி நாளில் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவன் அந்த மார்க்கை வாங்கிவிடலாம். ஆனால் 75 மார்க் பரீட்சையில் அதே கேள்வி வரும்போது கை நிற்கும்.

அப்புறம், ஆசிரியரிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நான் மூன்று வருடமும் ஸ்டாஃப் ரூம் வாசலைத் தாண்டாதவன். கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு வருடம், அரியரை முடித்துப் பட்டம் வாங்க. 'சார், ஒண்ணுமே வெளங்கல' என்று போய் நின்றால் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்து, 'இந்த மூணாவது வரியிலருந்து நாலாவது வரி எப்படி வந்துச்சு' என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லித் தருவார்கள்.

அந்த மூன்று அரியரையும் அடுத்த தேர்விலேயே எழுதட்டும். மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைக்கட்டும். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி தூங்கட்டும், தூங்காத தலையில் எதுவும் ஒட்டாது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாயங்காலம் பீடித் தட்டை மடியில் வைத்து உட்காரும்போது அவனை எதிரில் கூப்பிட்டு, 'இன்னைக்கு என்னப்பா நடத்துனாங்க, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். உங்களுக்கு இயற்பியல் விளங்க வேண்டியதில்லை. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாலும் போதும். தண்ணீர்ப் பூச்சி ஏன் குளத்தில் முங்காமல் நிற்கிறது என்று அவன் உங்களுக்கு நம்ம பேச்சில் சொல்லிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் திக்குகிறானோ அங்கேதான் நோட்டைத் திறக்க வேண்டும்.